வாடகை கூட்டப் போய் நொத்தாரிசிட்ட போன கதை, திருகோணமலை (5க்கு 4 ஸ்டார்)

பேர் போடேல்ல எண்டு ஆரும் கோவிக்க வேண்டாம். எங்கட நாட்டில லோயர்மார் விளம்பரம் செய்யக்கூடாது எண்டு விதி இருக்கு, நான் பேரைப் போட்டுப் புகழ்ந்து எழுதி அது அவருக்குக் கரைச்சலா முடியக்கூடாது. அதால திருகோணமலை டவுணுக்குள்ள, கோட்ஸ் பக்கம், மாடியில ஒரு சின்ன ஒபிஸ், தமிழில உறுதி எழுதுற வயசான நொத்தாரிஸ் ஐயா ஒருத்தர், அவ்வளவும்தான் சொல்லுவன். ஆனா அந்த ஒபிஸில எங்களுக்குக் கிடைச்ச சேவையைப் பற்றி வடிவா எழுதோணும் எண்டு இருந்தனான், ஏனெண்டா எங்களை மாதிரி வாய்ப் பேச்சில வீடு குடுத்துட்டு இப்ப என்ன செய்யிறது எண்டு தெரியாம முழிக்கிற ஆக்கள் இந்த ஊரில கனபேர் இருக்கினம், மற்றப் பக்கத்தில வாய்ப் பேச்சில வீடெடுத்துட்டு எப்ப எழும்பச் சொல்லுவினமோ எண்டு பயந்து கொண்டு இருக்கிற ஆக்களும் இருக்கினம்.

வீடு உப்புவெளியில. அப்பா 1994ல கட்டினது, ரெண்டு அறை, ஹோல், குசினி, பின்னால கிணறு, ஒரு மாமரம், உறுதி அம்மாட பேரில. நாங்க உவர்மலைக்கு அம்மம்மாட வீட்டுக்கு மாறினாப் பிறகு 2010ல மூதூர்ப் பக்கம் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அப்பா அதை வாடகைக்குக் குடுத்தவர். அந்தக் குடும்பத்து மனுசனை அண்ணன் எண்டும் மனுசியை அக்கா எண்டும்தான் நான் கூப்பிடுறது, அண்ணன் ஓட்டோ ஓடுறவர், அக்கா வீட்டில தைக்கிறவ. அப்ப வாடகை 6,000. அட்வான்ஸ் 15,000. ஒப்பந்தம் எண்டு ஒரு துண்டுப் பேப்பரும் இல்லை. அப்பா ஒரு சீஆர் கொப்பி வச்சிருந்தவர், மாசம் அஞ்சாந் திகதி அண்ணன் காசைக் கொண்டு வந்து குடுப்பார், அப்பா கொப்பியில எழுதி, பக்கத்தில அண்ணனிட்டக் கையெழுத்து வாங்கி, அம்மா தேத்தண்ணி குடுத்து அனுப்புவா. 2015ல 8,000 ஆக்கினது, 2019ல 10,000 ஆக்கினது, ரெண்டு தரமும் அந்தத் தேத்தண்ணியோடயே கதைச்சு முடிஞ்சது. 2022ல அண்ணன் பெற்றோல் லைன்ல ஓட்டோவை விட்டுட்டு ரோட்டில படுத்துக் கிடந்த காலத்தில அப்பா மூண்டு மாசம் வாடகை வேண்டாம் எண்டு சொன்னவர், அதையும் கொப்பியில "வாங்கவில்லை" எண்டு எழுதி வச்சிருக்கிறார்.

2023ல அப்பா போய்ச் சேர்ந்திட்டார். அதுக்குப் பிறகு கொப்பி அம்மாட கைக்கு வந்தது, வாடகை அதே 10,000.

இப்ப பிரச்சினை எங்க தொடங்கினது எண்டா கூரையில. முப்பது வருசத்துச் சீற், போன மாரிக்கு ரெண்டு அறையும் ஒழுகி, அக்கா தையல் மெசினுக்கு மேல பொலித்தீன் கட்டித்தான் தைச்சவ. அவ ஃபோன் எடுத்து "டீச்சர், பிள்ளையள் படுக்க இடமில்லை, ஒருக்கா வந்து பாருங்கோ" எண்டு அழாக்குறையாச் சொன்னவ, அம்மா படிப்பிச்ச டீச்சர் எண்டதால அவை அம்மாவை அப்பிடித்தான் கூப்பிடுறது. போய்ப் பாத்தம், அவ சொன்னதில ஒரு சொல்லும் கூட இல்லை. மேசன் ஒராளைக் கூட்டிக்கொண்டு போய்க் கணக்குப் பாத்தா மரம், சீற், கூலி எல்லாம் சேர்த்து நாலு லட்சம் சொல்லுறார். 2021ல ஆயிரம் ரூபாவுக்குக் கிட்ட வாங்கின சீமெந்து மூட்டை 2022ல மூவாயிரம் வரைக்கும் போனது எல்லாருக்கும் தெரியும், பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய விலைக்கு ஒண்டும் வரேல்ல. மாசம் பத்தாயிரம் எண்டா வருசத்துக்கு ஒரு லட்சத்தி இருபதாயிரம், நாலு லட்சம் சேர்க்க மூண்டு வருசத்துக்கு மேல வேணும், அதுக்குள்ள சோலைவரி, கிணத்து மோட்டர், மதில் எண்டு மற்றச் செலவும் இருக்கு. அம்மாட்ட இருக்கிறது பென்சன் மட்டும்தான். அதே ஒழுங்கையில அதே அளவு வீடு இப்ப 30,000க்குப் போகுது, கடற்கரைப் பக்கம் கொஞ்சம் தள்ளினா வீட்டையே ரூம் ரூமாப் பிரிச்சு சீசனுக்கு வெள்ளைக்காரருக்குக் குடுக்கினம்.

அம்மாவும் நானும் இதைப் பற்றிக் கதைச்ச உடன ஆளாளுக்கு வந்து புத்தி சொல்லத் தொடங்கீட்டினம். கனடாவில இருக்கிற என்ர சொந்த அண்ணா வட்ஸ்அப்பில மூண்டு நாளா ஒரே கதை, "பத்து வருசத்துக்கு மேல இருந்தா வீடு அவங்களுக்குச் சொந்தமாகிடும், நீங்க வாடகை கூட்டுறதைப் பற்றிக் கதைக்கிறீங்க, முதல்ல வீட்டைக் காப்பாத்துங்கோ." அம்மாவுக்கு அதைக் கேட்டு நித்திரை போயிட்டுது. பேந்து ஒரு புறோக்கரிட்டப் போனம், அவர் பத்து நிமிசத்தில தீர்ப்புச் சொல்லிட்டார், பேப்பர் இல்லை எண்டா அவைக்கு ஒரு உரிமையும் இல்லை, முப்பதாயிரம் எண்டு சொல்லுங்கோ, ஏலாது எண்டா ஒரு மாசத்தில எழும்பச் சொல்லுங்கோ, எழும்பாட்டி கரண்டையும் தண்ணியையும் வெட்டுங்கோ, தன்னட்ட ஆள் ரெடியா இருக்கு எண்டு. அந்த மனிசனிட்ட இருந்து வெளிய வரேக்க அம்மா ஒண்டும் கதைக்கேல்ல. ஓட்டோவில ஏறினாப் பிறகுதான் "அந்தப் பிள்ளையள் ரெண்டும் அந்த வீட்டிலதான் பிறந்தது" எண்டு சொன்னவ. அம்மாதான் பிறகு "ஒரு நல்ல பிரக்கிராசியிட்டக் கேப்பம்" எண்டு சொல்லி, தன்னோட படிப்பிச்ச டீச்சர் ஒருத்தவிட்ட விசாரிச்சு இந்த ஐயாவைக் கண்டுபிடிச்சது.

முதல் ரெண்டு தரமும் போய் வீணாத் திரும்பி வந்தனாங்க, இதைச் சொல்லத்தான் வேணும். ஃபோன் எடுக்கிறது கிடையாது. ஐயா காலமை கோட்ஸுக்குப் போனா எப்ப வருவார் எண்டு கிளாக் தம்பிக்கும் தெரியாது, வாங்கில இருந்து வேர்த்து ஒழுகி மத்தியானம் திரும்பி வந்தம். படிக்கட்டு சரியான செங்குத்து, அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கைபிடியும் ஆடுது. வயசான ஆக்கள்தான் அனேகமா உறுதி வேலைக்கு வாறது, கீழ ஒரு கதிரை மேசை போட்டாக் கூடக் காணும். ஒரு ஸ்டார் குறைச்சது இதுக்குத்தான்.

மூண்டாம் தரம் பின்னேரம் நாலு மணிக்கு ஆள் இருந்தவர். உள்ள போனா முழுசா ஒரு மணித்தியாலம் எங்களுக்குத் தந்தவர், இடையில ஒரு ஃபோனும் எடுக்கேல்ல. நான் கதையைச் சொல்லத் தொடங்க, கையை உயர்த்தி நிப்பாட்டிட்டு "ஏதும் எழுத்தில இருக்கோ" எண்டு கேட்டார். அம்மா கொஞ்சம் வெக்கப்பட்டுக் கொண்டு சொப்பிங் பேக்கில இருந்து அந்தச் சீஆர் கொப்பியை எடுத்துக் குடுத்தா. ஐயா கண்ணாடியைப் போட்டுக் கொண்டு முதல் பக்கத்தில இருந்து ஒவ்வொரு பக்கமாப் பாத்தார், ஒரு அஞ்சாறு நிமிசம் ஒண்டும் கதைக்கேல்ல. பேந்து அம்மாவைப் பாத்து "ஒரு பேப்பரும் இல்லை எண்டு ஆர் சொன்னது? உங்கட மனுசன் நல்லா எழுதி வச்சிருக்கிறார்" எண்டார். அம்மாட கண் கலங்கிட்டுது, எனக்கும்தான்.

அவர் விளங்கப்படுத்தினதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுறன், உங்கட வீட்டு விசயம் வேற மாதிரி இருக்கலாம், கட்டாயம் ஒரு லோயரிட்டக் கேளுங்கோ. எழுத்து இல்லை எண்டதால வாடகைக்கு இருக்கிறவைக்கு உரிமை இல்லை எண்டது சுத்தப் பிழை. மாசா மாசம் காசு குடுத்து, மாசா மாசம் நீங்க வாங்கினா அது மாச வாடகைக் குடியிருப்பு, கோட்ஸ் அதை ஏற்கும். 1840ம் ஆண்டு 7ம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம் எண்டு ஒண்டு இண்டைக்கும் நடைமுறையில இருக்காம், அதின்படி ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை எண்டா நொத்தாரிஸ் முன்னால எழுதோணும், இல்லாட்டி செல்லாது. அப்ப வாயால "அஞ்சு வருசத்துக்குத் தாறன்" எண்டு சொன்னாலும் அது அஞ்சு வருசக் குத்தகை இல்லை, மாசத்துக்கு மாசம் ஓடுறதுதான். அதால வீட்டுக்காரர் முடிக்கிறது எண்டா ஒரு முழுக் காலண்டர் மாச நோட்டீஸ் குடுக்கோணும், இருவதாந் திகதி குடுத்திட்டு அடுத்த மாசம் இருவதாந் திகதி எழும்பு எண்டு சொல்லேலாது, மாசக் கடைசியோடதான் கணக்கு. நோட்டீஸுக்குப் பிறகும் எழும்பாட்டி மாவட்ட நீதிமன்றத்தில வழக்கு, அது வருசக்கணக்கில இழுபடும்.

வாடகையைக் கூட்டுறதும் அதே மாதிரித்தான். அடுத்த மாசத்தில இருந்து முப்பதாயிரம் எண்டு நாங்க ஒரு கடிதத்தில எழுதி விட்டா அது வாடகை ஆகாது, அவை ஓம் எண்டு ஒத்துக் கொண்டாத்தான் அது புது வாடகை. ஒத்துக் கொள்ளாட்டி எங்களுக்கு இருக்கிறது பழைய வாடகையை வாங்கிக் கொண்டு இருக்கிறது, இல்லாட்டி நோட்டீஸ் குடுத்து முடிக்கிறது, ரெண்டுதான். பேந்து "வீடு எப்ப கட்டினது" எண்டு கேட்டார், 1994 எண்டதும் தலையை ஆட்டினார். 1972ம் ஆண்டு 7ம் இலக்க வாடகைச் சட்டம் பழைய வீடுகளில இருக்கிற ஆக்களுக்கு நிறையப் பாதுகாப்புக் குடுக்குது, வாடகையே சட்டத்தால கட்டுப்படுத்தப்பட்டது, எழுப்புறதுக்கும் குறிப்பிட்ட காரணங்கள் வேணும், ஆனா 1980க்குப் பிறகு கட்டின குடியிருப்பு வீடுகள் அதுக்குள்ள வராது எண்டு விளங்கப்படுத்தினார். டவுணுக்குள்ள பழைய நாட்டோட்டு வீடு வச்சிருக்கிற ஆக்கள் இதை முதல்ல கேட்டுத் தெரிஞ்சு கொள்ளுங்கோ, உங்கட கதை முழுக்க மாறும்.

அண்ணா சொன்ன பத்து வருசக் கதையையும் கேட்டம். ஐயா சிரிக்கேல்ல, இந்தப் பயம் கனபேருக்கு இருக்கு எண்டு சொல்லிட்டு நிதானமாச் சொன்னார். 1871ம் ஆண்டு 22ம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தில பத்து வருசம் எண்டு இருக்கிறது உண்மை, ஆனா அது ஆருக்கெண்டா, சொந்தக்காரரை ஒத்துக் கொள்ளாம, அவருக்கு எதிரா, தன்ர காணி எண்டே ஆண்டு கொண்டு இருக்கிறவருக்கு. மாசாமாசம் வாடகை குடுக்கிறவர் ஒவ்வொரு மாசமும் "இது உங்கட வீடு" எண்டு ஒத்துக் கொள்ளுறார். அந்தக் கொப்பியில இருக்கிற ஒவ்வொரு கையெழுத்தும் அதுக்குச் சாட்சி எண்டு விரலை வச்சுக் காட்டினார். நான் அங்கயே இருந்து அண்ணாவுக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டன். உண்மையில பயப்பட வேண்டியது வாடகை வாங்காம, கணக்கும் இல்லாம, ஆரோ இருக்கினம் எண்டு விட்டுட்டு வெளிநாட்டில இருக்கிற ஆக்கள்தான்.

கரண்ட் வெட்டுற கதையைச் சொன்னதும்தான் மனுசன் குரலை உயர்த்தினது. "டீச்சர், அதை மட்டும் செய்யாதேங்கோ" எண்டார். ஆளை அனுப்பிப் பூட்டை மாத்தினாலோ சாமானைத் தூக்கி வெளிய போட்டாலோ அவை பொலிசுக்குப் போவினம், அங்கயிருந்து அறுபத்தாறு வழக்கா வரும், அதாவது 1979ம் ஆண்டு 44ம் இலக்க ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தில 66ம் பிரிவு, அதில நீதவான் பாக்கிறது வீடு ஆருக்குச் சொந்தம் எண்டு இல்லை, ஆர் இருந்தவை, ரெண்டு மாசத்துக்குள்ள ஆர் அவையை வெளியேத்தினது எண்டதுதான். உறுதியைக் கையில வச்சுக் கொண்டு நாங்க தோத்துப் போவம். அந்தப் புறோக்கர் எங்களை எங்க கொண்டு போய் விடப் பாத்தவர் எண்டு அப்பதான் விளங்கினது. சரியான கோவம் வந்தது, இப்பவும் இருக்கு. இப்பிடி எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பார்.

இவ்வளவும் சட்டம். இதுக்குப் பிறகு நடந்ததுக்குத்தான் நான் இந்த ரிவியூவே எழுதுறன். நான் "அப்ப நோட்டீஸ் ஒண்டு அடிப்பமோ ஐயா" எண்டு கேட்டன். நோட்டீஸ் அடிச்சா அவருக்கு ஃபீஸ், வழக்குப் போனா அதைவிட ஃபீஸ். அவர் அதுக்கு மறுமொழி சொல்லாம "கூரை ஒழுகுதெண்டு சொன்னீங்கள், எப்ப போடப் போறீங்கள்" எண்டு கேட்டார். வாடகை கூடினாப் பிறகு அந்தக் காசில சேர்த்துப் போடுறம் எண்டு சொன்னன். "ஒழுகுற வீட்டுக்குக் கூட்டிக் கேட்டா ஆர் தருவினம்? கூரையைப் போட்டுட்டு, போட்ட மாசத்தில இருந்து கூட்டிக் கேளுங்கோ. அதையும் அவையை இஞ்ச கூட்டிக் கொண்டு வந்து, எனக்கு முன்னால கேளுங்கோ." நோட்டீஸ் அடிக்கவே மாட்டன் எண்டு சொல்லேல்ல, கதைச்சுச் சரி வராட்டி மத்தியஸ்த சபை இருக்கு, அதுவும் சரி வராட்டி நோட்டீஸ், அந்த வரிசையில போவம் எண்டார்.

அம்மா அண்டிரவே அக்காவுக்குக் கோல் எடுத்தவ. நான் ஏதும் கடுமையாச் சொல்லிடுவனோ எண்டு பயந்து ஃபோனை என்னட்டத் தரேல்ல. "வாடகை விசயமாக் கதைக்கோணும் பிள்ளை, சண்டைக்கு இல்லை, எழுத்தில ஒண்டு வைப்பம், உங்களுக்கும் நல்லது" எண்டு சொன்னா. அடுத்த பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அக்கா "எழும்பச் சொல்லப் போறீங்களோ டீச்சர்" எண்டு கேட்டது எனக்கே கேட்டது.

சனிக்கிழமை ரெண்டு பேரும் வந்திச்சினம், அண்ணன் வெள்ளைச் சேட் போட்டு, கோட்ஸுக்குப் போற மாதிரி. அவர் ஒரு பொலித்தீன் பைக்குள்ள பில்லுகள் கொண்டு வந்தவர். கிணத்து மோட்டர் காயில் கட்டினது, கக்கூஸ் கதவு மாத்தினது, பின்பக்க மதில் விழுந்தப்ப கல்லு வாங்கினது, எல்லாம் தன்ர காசில செய்து எங்களுக்குச் சொல்லாம விட்டது. கூட்டிப் பாத்தா 86,000க்குக் கிட்ட. நாங்க பத்தாயிரத்துக்கு வீடு குடுத்து அவைக்கு உதவி செய்யிறம் எண்டு நினைச்சுக் கொண்டு இருந்தனாங்க, அவர் எங்கட வீட்டைப் பாத்துக் கொண்டு இருந்திருக்கிறார். இதை நாங்க ஒருநாளும் கேக்கேல்ல. அப்பா இருந்திருந்தா மாசாமாசம் போய்ப் பாத்திருப்பார், தெரிஞ்சிருக்கும்.

ஐயா ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்து நடுவில கோடு போட்டார். ஒரு பக்கம் எங்கட கணக்கு, மற்றப் பக்கம் அவையின்ர கணக்கு. நான் 30,000 எண்டு சொன்ன உடன அக்காட முகம் செத்துப் போச்சு. அண்ணன் சொன்னார், "தங்கச்சி, நீங்க சொல்லுறது பிழை எண்டு சொல்லேல்ல, ஒழுங்கையில அப்பிடித்தான் போகுது. ஆனா 2022ல பெற்றோல் லீற்றர் 470 வித்த காலத்தில பட்ட கடன் இன்னும் கட்டி முடியேல்ல. அந்த வருசம் ஓகஸ்ட்டில கரண்ட் 75 வீதம் கூட்டினவங்கள், அடுத்த பெப்ரவரியில பேந்தும் 66 வீதம். மெசின் ஓடுற வீடு, பில் எப்பிடி வந்திருக்கும் எண்டு யோசியுங்கோ." எனக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்ல. அந்த 2022 செப்டெம்பர்ல கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், ஒரு வருசத்துக்கு முந்தி 100 ரூபா இருந்த சாமான் 170. வீட்டுக்காரருக்கு சீமெந்தில அடிச்சது அவைக்கு பெற்றோலில அடிச்சிருக்கு. வாடகை ஒரேயடியா மூண்டு மடங்கு கூடினா தாங்கேலாது எண்டது எனக்கு விளங்கினது, பத்தாயிரத்திலயே நிண்டாலும் அந்த வீடு இன்னும் அஞ்சு வருசத்தில விழுந்திடும் எண்டது அவைக்கும் விளங்கினது.

எனக்கு ஐயாவில பிடிச்சது என்னெண்டா அவர் ஒரு தொகையும் சொல்லேல்ல. எங்களைக் கொண்டே சொல்ல வச்சார். அண்ணன் 15,000 எண்டு தொடங்க, நான் 22,000 எண்டு இறங்க, நடுவில அக்கா எழும்பி வெளிய போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தா, கடைசியில அம்மாதான் சொன்னது. கூரை போட்டு முடிஞ்ச அடுத்த மாசத்தில இருந்து 18,000, ஒரு வருசத்துக்குப் பிறகு 21,000, ரெண்டு வருசத்துக்கு எழுதுறது. அவை செலவழிச்ச 86,000ல மதிலும் மோட்டரும் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை எண்டு ஐயா சொன்னவர், அந்த ரெண்டுக்கும் போன 60,000ஐ மாசம் 2,500 படி ரெண்டு வருசமும் வாடகையில கழிக்கிறது. அப்ப முதல் வருசம் அவை கையால குடுக்கப் போறது 15,500. அட்வான்ஸ் பழைய 15,000 அப்பிடியே நிக்கும், கூட்டிக் கேக்கேல்ல. இனி ஐயாயிரத்துக்கு மேல வாற திருத்த வேலை எண்டா முதல் எங்களுக்குச் சொல்லிட்டுத்தான் செய்யிறது. எழுப்புறது எண்டா மூண்டு மாசம் முந்தி எழுத்தில அறிவிக்கிறது, அவை போறது எண்டாலும் அதே மூண்டு மாசம்.

முப்பதாயிரம் கிடைக்க வேண்டிய வீட்டை விட்டுட்டீங்கள் எண்டு கனடா அண்ணா இப்பவும் சொல்லுறார். நான் அப்பிடி நினைக்கேல்ல. புது ஆள் வந்தா புறோக்கருக்கு ஒரு மாச வாடகை, பெயின்ற் அடிக்க ஒரு செலவு, ஆள் வரும் வரைக்கும் வீடு சும்மா கிடக்கும், வாறவர் எப்பிடிப்பட்டவரோ தெரியாது. பதினைஞ்சு வருசத்தில ஒரு மாசமும் பிந்தாம அஞ்சாந் திகதி காசு கொண்டு வந்த ஆளுக்கு ஒரு பெறுமதி இருக்கு, அதை அப்பாட கொப்பியிலயே காணலாம்.

எழுதுற வேலைக்கு ஒரு கிழமை எடுத்தது. தமிழில எழுதினது எங்களுக்குச் சரியான உதவி, நொத்தாரிஸ்மாருக்கு எந்த மொழியில உறுதி எழுதலாம் எண்டு அவையின்ர அனுமதியிலயே இருக்காம், அதால போறதுக்கு முந்தியே தமிழில எழுதுவீங்களோ எண்டு கேட்டுப் போட்டுப் போங்கோ. ட்ராஃப்டில அண்ணன்ர ஐடென்டிகாட் நம்பரில ஒரு இலக்கம் பிழையா இருந்தது, அக்காதான் கண்டுபிடிச்சவ, கிளாக் தம்பி திருப்பி டைப் பண்ண இன்னொரு நாள் போச்சு. சின்னப் பிழைதான் எண்டாலும் பதிஞ்சாப் பிறகு கண்டிருந்தா பெரிய வேலை, அதால நீங்களே ஒவ்வொரு எழுத்தாப் பாருங்கோ. கையெழுத்து வைக்கிற அண்டைக்கு ரெண்டு சாட்சி, எங்கட பக்கத்து வீட்டு மாமாவும் அண்ணன்ர ஓட்டோ பார்க்கில நிக்கிற ஒரு சினேகிதரும். ஐயா முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் உரக்க வாசிச்சு, ஒவ்வொரு பந்திக்கும் நிப்பாட்டி "விளங்கினதோ" எண்டு அம்மாவிட்டயும் கேட்டார், அக்காவிட்டயும் கேட்டார். வாசிச்சு விளங்கப்படுத்த வேண்டியது நொத்தாரிஸ்ர கடமை எண்டு தெரியும், ஆனா முந்தி வேற ஒரு உறுதிக்கு நாங்க வேற ஒரு இடத்தில பேப்பரைத் தள்ளி விட்டு இஞ்ச வையுங்கோ, அங்க வையுங்கோ எண்டு அஞ்சு நிமிசத்தில முடிச்சுக் கொண்டு வந்தனாங்க.

பதியிறதைப் பற்றியும் சொல்லோணும். அக்காவுக்குக் கடைசிப் பிள்ளை வாற வருசம் முதலாம் வகுப்பு. அட்மிஷனுக்கு வதிவிடத்தைக் காட்டுற பத்திரங்களில காணிப் பதிவுக் கந்தோரில பதிஞ்ச குத்தகை உறுதியும் ஒண்டு, வாக்காளர் இடாப்புப் பதிவோட சேர்த்து அதுவும் கையில இருந்தா அவைக்குப் பலம். பதினைஞ்சு வருசம் அந்த வீட்டில இருந்தும் முந்தின பிள்ளைக்கு இதைக் காட்ட ஒரு பேப்பர் இல்லாம எவ்வளவு அலைஞ்சவ எண்டு அக்கா சொன்னப்ப அம்மாவுக்கு மனம் கேக்கேல்ல, தான் ஒரு டீச்சரா இருந்தும் இதை யோசிக்கேல்ல எண்டு. பதிஞ்சு இருந்தா நாளைக்கு அம்மா வீட்டை வித்தாலும் வாங்கிறவர் இந்த ரெண்டு வருசத்துக்கு இந்த ஒப்பந்தத்தை மீறி அவையை எழுப்பேலாது எண்டதையும் ஐயா ரெண்டு பக்கத்துக்கும் சொல்லித்தான் எழுதினவர்.

செலவு: முதல் நாள் கதைச்சதுக்கு 3,000, ஒப்பந்தம் எழுத 15,000, முத்திரைத் தீர்வையும் பதிவுக் காசும் வேற. பாதி பாதி போடுறம் எண்டு அண்ணன் சொன்னவர், அம்மா விடேல்ல, முத்திரைச் செலவை மட்டும் அவரிட்ட வாங்கினவ. காசு குடுத்த உடன ரிசீட் தரேல்ல, கேட்டாப் பிறகுதான் கிளாக் தம்பி எழுதித் தந்தவர், கேக்க வெக்கப்படாதேங்கோ. பதிஞ்ச பிரதி கைக்கு வர ஆறு கிழமை போச்சு, ஐயா சொன்னது மூண்டு கிழமை. ஏன் பிந்துது எண்டு ஒரு ஃபோன் எடுத்துச் சொல்லியிருக்கலாம், அக்கா ரெண்டு தரம் ஓட்டோவில வந்து கேட்டுட்டுப் போனவ.

போறவை உறுதியின்ர பிரதி, சோலைவரி ரிசீட், ரெண்டு பக்கத்து ஐடென்டிகாட், கடைசிக் கரண்ட் பில், தண்ணி பில், பழைய வாடகைக் கணக்கு எது இருந்தாலும் எடுத்துக் கொண்டு போங்கோ, ஒற்றைத் துண்டு எண்டாலும் பறவாயில்லை, பேங்கில போட்ட ஸ்லிப், வட்ஸ்அப்பில "அண்ண காசு கிடைச்சது" எண்டு போட்ட மெசேஜ் கூட உதவும் எண்டவர். கரண்ட் எக்கவுண்ட் இன்னும் அப்பாட பேரில இருக்கு, அதை அம்மாட பேருக்கு மாத்தச் சொல்லி ஐயா எழுதித் தந்தவர், அம்மா இன்னும் போகேல்ல. சோலைவரி வாங்கிற உள்ளூர்ச் சபையில இருந்து வாற எந்தக் கடிதத்தையும் வாடகைக்கு இருக்கிற ஆக்கள் பிரிச்சுப் பாத்து எறியாம வீட்டுக்காரருக்குக் குடுக்கோணும் எண்டு ஒரு வரி சேர்த்தது நல்ல யோசனை, எங்கட சோலைவரி நோட்டீஸ் ரெண்டு வருசம் அப்பிடித்தான் துலைஞ்சது.

கதைச்சுச் சரி வராத ஆக்களுக்கு: உடன கோட்ஸுக்கு ஓடாம மத்தியஸ்த சபையைப் பற்றி விசாரியுங்கோ. 1988ம் ஆண்டு 72ம் இலக்கச் சட்டத்தால வந்தது, வழக்கு மாதிரிச் செலவு இல்லை, அங்க இருக்கிறவை ஊர்ப் பெரியாக்கள், அவை தீர்ப்புச் சொல்லுறதில்லை, ரெண்டு பக்கத்தையும் இணங்க வைக்கப் பாக்கினம், இணங்காட்டி அதுக்கு ஒரு சான்றிதழ் தருவினம், அதை வச்சுத்தான் குறிப்பிட்ட தொகைக்குக் கீழ்ப்பட்ட பிணக்குகளை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். எங்களுக்கு அது தேவைப்படேல்ல.

கூரை மாரிக்கு முந்தி, ஒக்டோபர் முதல் கிழமையில போட்டு முடிஞ்சது, நாலு லட்சம் எண்டது நாலு லட்சத்தி முப்பதாயிரத்தில வந்து நிண்டது, அரைவாசி கனடா அண்ணா அனுப்பினவர், மிச்சம் அம்மாட சீட்டுக் காசு. மேசனுக்கு மூண்டு நாள் அண்ணனும் கையுதவி செய்தவர், கூலி வாங்கேல்ல. நவம்பர் அஞ்சாந் திகதி 15,500 கொண்டு வந்து தந்தார். ரிசீட் புத்தகம் ஒண்டு வாங்கச் சொல்லி ஐயா சொன்னபடி வாங்கி வச்சிருக்கிறம், அம்மா அதில எழுதிக் கிழிச்சுக் குடுத்திட்டு, பிறகு சீஆர் கொப்பியிலயும் எழுதி அண்ணனிட்டக் கையெழுத்து வாங்கினவ. ரெண்டும் வேணுமோ எண்டு நான் ஐயாட்டக் கேட்டனான், இருக்கட்டும், நிப்பாட்ட வேண்டாம் எண்டார்.

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கோ, காலமை போனா ஆள் இல்லை. படியில வயசான ஆக்களைக் கையைப் பிடிச்சு ஏத்துங்கோ.